யாரும் தலையிடவில்லை

எமிமா இன்னும் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. விடியற்காலையில் போட்ட ஊசி அதன் பாட்டுக்கு உள்ளே வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும், அதற்குக் கல்யாணம் தெரியுமா காரியம் தெரியுமா, இட்லி இறங்கியதா இல்லையா என்று விசாரித்துவிட்டா சர்க்கரையைக் குறைக்கும்? பாக்கியசீலி பாயில் காலை மடக்கி உட்கார்ந்திருந்தாள். பெண்கள் பக்கம், முதல் வரிசை, மணப்பெண்ணின் அம்மாவுக்கென்று விட்ட இடம். மடியில் ஜிப் வைத்த கறுப்பு உறைக்குள் வேதப்புத்தகம். எதிரே மேடையில் அவளுடைய ஒரே மகள் வெள்ளைச் சேலையில், முக்காடிட்டு, குந்துமணித் தங்கம் இல்லாமல், கைகளைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்து நாற்காலியில் மாப்பிள்ளை பெனாயா. நடுவில் மைக்கைப் பிடித்துக்கொண்டு சபையின் பெரிய பாஸ்டர், எல்லாருக்கும் ஐயா. ஐயா பேச ஆரம்பித்தால் லேசில் முடிக்கமாட்டார். சமையல் கொட்டகையில் சோறு வெந்து, வடித்து, ஆறிக்கூடப் போகும், அவர் இன்னும் முன்னுரையில் இருப்பார். மற்ற நாளென்றால் பாக்கியசீலி அந்தப் பேச்சில் அப்படியே கரைந்துவிடுவாள். இன்றைக்கு ஒரு வார்த்தை காதில் ஏறவில்லை. மகளுடைய மேலுதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். சர்க்கரை இறங்கினால் அங்கேதான் முதலில் வியர்க்கும். இன்னும் வியர்க்கவில்லை, அல்லது இங்கிருந்து தெரியவில்லை, தகரக் கூரைக்குக் கீழே எல்லாருக்கும்தான் வியர்க்கிறது, அதை வைத்து என்ன கண்டுபிடிக்க?

இட்லியைத் தட்டில் வைத்துவிட்டாளே, அதுதான் தாங்கவில்லை. ஊசியைக் குத்தி, துடைத்து, எப்போதும்போல ஒளித்து வைத்துவிட்டு, தட்டை நீட்டுகிற நேரத்தில் சபையின் மூத்த சகோதரி வாசலில் வந்து நின்றாள். "ஸ்தோத்திரம் சிஸ்டர். பிள்ளையும் மாப்பிள்ளையும் உபவாசத்தோட மேடைக்கு வரட்டும்னு ஐயா சொல்லிட்டாங்க. ஜெப அறைக்குக் கூட்டிட்டுப் போறேன். ஆராதனை முடிஞ்சு சாப்பிட்டுக்கிடட்டும்." பாக்கியசீலிக்கு வாயில் வந்தது "ஸ்தோத்திரம்" ஒன்றுதான். வேறென்ன சொல்லியிருக்க முடியும்? சாப்பிடாமல் இருந்தால் மயங்கிவிடுவாள் என்றால் ஏன் மயங்குவாள் என்பார்கள். கல்யாணப் பெண் உபவாசம் இருக்கமாட்டேன் என்றால் அதுவும் ஊர்முழுக்க ஒரு பேச்சு. எமிமா போகும்போது திரும்பிப் பார்த்தாள். எம்மா, என்று அந்தப் பார்வை கூப்பிட்டது. பாக்கியசீலி தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சரி, கைக்குட்டை முனையில் கருப்பட்டி முடிந்திருக்கிறதே, ஜெப அறையில் கண்ணை மூடுகிற சாக்கில் வாயில் போட்டுக்கொள்வாள் என்று தேற்றிக்கொண்டு, வேதப்புத்தகத்தை எடுத்து உறையைத் திறந்தால், உள்ளே அந்தப் பழைய கைக்குட்டை. மாப்பிள்ளை வீட்டார் லேஸ் வைத்த புதுக் கைக்குட்டை கொடுத்திருந்தார்கள், அதையே பிடித்துக்கொள் என்று நேற்று ராத்திரி இவள்தான் பழையதைப் பிடுங்கி உறைக்குள் போட்டாள். அவளேதான். இப்போதும் உறைக்கு மேலே விரலை ஓட்டினால் அந்த முடிச்சு மொச்சைக்கொட்டை போலத் தட்டுப்படுகிறது. மகளுக்கும் அதற்கும் நடுவில் நாலு எட்டுத் தூரம் இருக்குமா, எழுந்து போய்க் கொடுத்துவிட்டு வந்தால் என்ன, என்று நினைக்கும்போதே கை ஜிப்பை இன்னும் இறுக்கி மூடியது.

ஏனென்றால் இது மருந்து தொடாத சபை. தலைவலித் தைலம்கூடக் கிடையாது. நோய் வந்தால் எண்ணெய் பூசி ஜெபிப்பார்கள், சுகமாகும், ஆகாவிட்டால் அது ஆண்டவருடைய சித்தம். வந்தவர்கள் எல்லாரும் அறியாதவர்களா? இல்லை. வாத்தியார் இருக்கிறார், பேங்கில் வேலை பார்க்கிறவர் இருக்கிறார், நல்ல ஜனங்கள், ஒரு வீட்டில் துக்கம் என்றால் அடுப்பைப் பற்றவைக்க விடமாட்டார்கள், தாங்களே ஆக்கிக் கொண்டுவருவார்கள். பாக்கியசீலிக்கும் விசுவாசம் இல்லாமல் இல்லை. ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு ஜெபம் பண்ணுகிற ஒரே ஆள் இந்தச் சபையில் அவளாகத்தான் இருப்பாள். ஆண்டவரே, இது வலிக்காமல் இறங்கட்டும், ஆண்டவரே, இவர் எழுந்திருக்குமுன் முடியட்டும். இவர் என்பது அவள் புருஷன் சாந்தகுமார், கருப்பட்டி வியாபாரம், சபையில் மூப்பர். அதோ ஆண்கள் பக்கத்தில் முதல் வரிசையில் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறார், முகத்தில் அப்படியொரு சமாதானம். அவருக்குத் தெரியாது. ஒன்பது வருஷமாக ஒரே வீட்டில், ஒரே கூரைக்குக் கீழே, காலையிலும் ராத்திரியிலும் மகளுக்கு ஊசி போகிறது, மருந்து பக்கத்து வீட்டுக் கோமதியின் பிரிட்ஜில் மோர்ச் சட்டிக்குப் பின்னால் இருக்கிறது, பெண்டாட்டி செம்பை எடுத்துக்கொண்டு மோர் வாங்கப் போகிறாள் வருகிறாள், அவருக்குத் தெரியாது. "உங்க வீட்டுல மோருக்கு அப்படி என்னளா பஞ்சம்?" என்று கேட்டுச் சிரிப்பாள் கோமதி. பாவம், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

ஏனோஸுக்குத் தெரிந்திருந்தால் அவனும் சிரித்திருப்பான். எதற்கெடுத்தாலும் சிரிக்கிற பிள்ளை. மூத்தவன். நடக்கப் பழகி, ஓடப் பழகி, அப்பாவின் செருப்பை மாட்டிக்கொண்டு முற்றத்தில் விழுந்து விழுந்து எழுந்தவன். காய்ச்சல் என்று படுத்தான், தொண்டை கட்டிக்கொண்டது, உள்ளே வெள்ளையாய் ஏதோ படர்ந்தது. பால் கொடுத்தால் மூக்கு வழியாக வந்தது. விழுங்கு மக்கா, விழுங்கு, என்று கெஞ்சினாள், அவன் விழுங்கப் பார்ப்பான், சின்னத் தொண்டை மேலே ஏறும், இறங்காது. தடுப்பூசி போட்டிருந்தால் வந்திருக்காத நோய் என்று அதற்கப்புறம் தெருவில் யாரோ சொன்னார்கள். சபை முழுக்க வந்து ஜெபித்தது. அவள் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, "ஆஸ்பத்திரிக்கு..." என்று ஆரம்பித்தாள், சாந்தகுமார் அவளைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது, நீ சந்தேகப்பட்டால் பிள்ளை போய்விடும் என்கிற பயம். அந்தப் பயத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டாள். தூக்கிக்கொண்டு ஓடியிருக்கலாம். ரோட்டில் பஸ் போகிற சத்தம் வீட்டுக்குள் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. இப்போதுகூட ராத்திரியில் பஸ் சத்தம் கேட்டால் அவளுக்கு எழுந்து உட்காரவேண்டும்.

அடக்கம் முடிந்த பிறகு அதிகாரிகள் வந்தார்கள். யாரோ தெருவிலிருந்து எழுதிப் போட்டிருப்பார்கள்போல. கிராம நிர்வாக அலுவலரும், சுகாதாரத் துறையில் ஒருவரும். சட்டம் வாசல்வரைக்கும் வந்தது, செருப்பைக் கழற்றவில்லை. ஐயா வெளியே போய்ப் பேசினார். "எங்க நம்பிக்கைப்படி நடக்க எங்களுக்கு உரிமை இருக்கு." வந்தவர் தலையை ஆட்டிக்கொண்டார். அவரும் நல்ல மனுஷர்தான். "வாஸ்தவம்தாங்க. மத விஷயம்னு வந்துட்டா நாங்க தலையிட மாட்டோம். மனசு சங்கடப்பட்டா மன்னிச்சுக்கிடுங்க." அது எந்தச் சட்டமோ, எந்தப் புத்தகத்தில் எப்படி எழுதியிருந்ததோ, எழுதியே இல்லையோ, அவளுக்குத் தெரியாது. ஜன்னலுக்குப் பின்னால் நின்று காத்திருந்தாள். என்னைக் கேளுங்கள். பெத்தவள் நான் இங்கே நிற்கிறேன், என்னை ஒரு வார்த்தை கேளுங்கள். உங்களுக்கு என்னம்மா நம்பிக்கை என்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று இத்தனை வருஷம் யோசித்துவிட்டாள். ஒருவேளை ஐயா சொன்னதையேதான் சொல்லியிருப்பாள். இருந்தாலும் கேட்டிருக்கலாம். அவர்கள் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். மரியாதை கொடுத்தார்கள், அதில் குறை சொல்லமுடியாது, மரியாதை கொடுத்து அவளை அவள் வீட்டுக்குள்ளேயே விட்டுவிட்டுப் போனார்கள்.

மேடையில் ஐயா சிரிக்கவைக்கிற இடத்துக்கு வந்திருந்தார், கூட்டம் சிரித்தது, எமிமா சிரிக்கவில்லை. கண்ணைக் கொஞ்சம் அதிகமாகச் சிமிட்டுகிறாளோ? முக்காட்டு ஓரம் கண்ணில் பட்டிருக்கும். அவள் கைக்குழந்தையாக இருந்தபோது இப்படித்தான் சிமிட்டுவாள், வெயில் பட்டால், கதவிடுக்கு வழியாக. போலியோ சொட்டு மருந்து கொடுக்கிற நர்சம்மா பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருவில் வருவாள், ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் சாக்குக்கட்டியால் எழுதிவிட்டுப் போவாள். பாக்கியசீலி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் நிற்பாள். நர்சம்மா கூட வந்த புதுப்பெண்ணிடம் சொன்னது காதில் விழுந்தது. "அந்த வீடு வேண்டாம்டீ. சபைக்காரங்க, குடுக்கமாட்டாங்க. நாம எதுக்கு வம்புக்குப் போகணும்?" வம்புக்கு வா, என்று இவள் உள்ளே நின்று கும்பிட்டாள். கதவைத் தட்டு, சண்டை போடு, பிள்ளையைப் பிடுங்கு, வாயைத் திறந்து ஊற்றிவிட்டுப் போ, நான் தடுத்தேன், முடியவில்லை என்று அவரிடம் சொல்லிக்கொள்கிறேன். தாழ்ப்பாளைக்கூட ஒரு ஆட்டு ஆட்டினாள். அதற்குள் அவர்கள் கோமதி வீட்டு வாசலுக்குப் போய்விட்டார்கள், அங்கே பிள்ளைகள் நாக்கை நீட்டிக்கொண்டு நின்றன.

திட்டியது அந்தப் பெரிய ஆஸ்பத்திரி டாக்டரம்மா ஒருத்திதான். எமிமா வயதுக்கு வந்த கொஞ்ச நாளில் இளைத்துத் துரும்பானாள், குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாள், ஒருநாள் மூச்சு வாங்கிக்கொண்டு நினைவு தப்பினாள். சாந்தகுமார் வெளியூர் மாநாட்டுக்குப் போயிருந்தார். போனில் சொன்னதும், "ஜெபிக்கிறேன் சீலி, இங்க எல்லாரும் ஜெபிக்கிறோம்" என்று அழுதார். இவள் போனை வைத்தாள், பஸ் சத்தம் கேட்டது, அவ்வளவுதான், கோமதியைக் கூப்பிட்டு ஆட்டோ பிடித்துவிட்டாள். "ஏம்மா, பிள்ளையக் கொல்லவா பாத்தே? சபையாவது மண்ணாவது, தினம் ஊசி போடாட்டி செத்துப்போவா, புரியுதா? நீயே போடக் கத்துக்க, வா இங்க!" என்று டாக்டரம்மா வார்டே திரும்பிப் பார்க்கக் கத்தினாள். பாக்கியசீலி அழுதுகொண்டே கேட்டாள். யாரும் அதற்கு முன்னால் அவளை அப்படி அவமரியாதையாகப் பேசியது இல்லை. அப்படியே அந்தம்மாவின் காலைக் கட்டிக்கொள்ளலாம்போல இருந்தது. மாநாடு முடிந்து அவர் வரும்போது பிள்ளை வீட்டில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். அவர் வாசலிலேயே முழங்காலில் விழுந்தார். ஏனோஸுக்காக அழாத அழுகையெல்லாம் அழுதார். ஆண்டவர் இந்தப் பிள்ளையையாவது விட்டுவைத்தாரே என்றார். அந்த மனுஷனிடம் எந்த வாயால் சொல்வாள்? நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தாள். மறுநாள் ஞாயிறு, அவர் சபையில் எழுந்து நின்று சாட்சி சொல்லிவிட்டார். சாகக் கிடந்த மகள் மருந்தில்லாமல் எழுந்தாள். ஊர் ஊராகப் போய்ச் சொன்னார்.

அந்தச் சாட்சியைக் கேட்டுத்தானே இந்தச் சம்பந்தமே வந்தது. இதோ பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாளே மாப்பிள்ளையின் அம்மா ஜெபக்கனி, அவள் முதல்நாள் வந்து கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள், "நகை கேக்கல, நட்டு கேக்கல சம்பந்தி. சுகம் கிடைச்ச பிள்ளை எங்க வீட்டுக்கு வந்தாப் போதும்." எமிமா மட்டும் ராத்திரி சமையலறையில் வந்து நின்றாள். "எம்மா, நான் அவங்ககிட்ட சொல்லிருதேன்." "ஏட்டி, வாய மூடு. கல்யாணம் முடியட்டும். கோயம்புத்தூர்ல ரெண்டு பேரும் தனியாத்தானே இருக்கப் போறீய, அங்க நீ வேலைக்குச் சேரப்போற பள்ளிக்கூடத்து பிரிட்ஜுல வச்சுக்க." "அவரு நல்லவரா இருந்தா?" "நல்லவங்கதான்ட்டி எல்லாரும்." அப்படிச் சொன்னது அவளுக்கே சுருக்கென்றது. போன வருஷம் பேரின்பம் என்கிற பெண்ணுக்கு நடந்தது யாருக்குத் தெரியாது? கல்யாணமாகி மூன்று மாதத்தில் அவள் பெட்டியில் மாத்திரை இருந்தது. ஐயா சபையைக் கூட்டிப் பேசிச் சொல்லிவிட்டார், பொய்யாய்க் கொடுத்த வாக்கு வாக்கே இல்லை, அந்தக் கல்யாணமும் கல்யாணம் இல்லை. பெண்ணை அப்பா வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். அவள் அப்பா ஸ்டேஷனுக்குப் போனார். உங்க சபை முறைப்படி நடந்த கல்யாணம், உங்க சபையிலேயே பேசிக்கோங்க, நாங்க இதுல தலையிட்டா நல்லாருக்காது என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்கள்.

பிரசங்கம் முடிந்துவிட்டது. எப்போது முடிந்தது? இருவரையும் எழுந்து நிற்கச் சொல்லிவிட்டார். இந்தக் கல்யாணத்துக்குத் தடை சொல்லுகிறவர்கள் உண்டா என்று கேட்டார், ஒரு குழந்தை அழுதது, யாரோ வெளியே தூக்கிக்கொண்டு போனார்கள். இங்கே தாலி கிடையாது, மோதிரம் கிடையாது. பெனாயா எமிமாவின் கையைப் பிடித்தான். அவன் தன் வாக்கைச் சொன்னான், சுகத்திலும் சுகவீனத்திலும், மருந்தை நாடாமல், என்று தெளிவாக, பள்ளிக்கூடப் பிள்ளை ஒப்பிப்பதுபோல. இனி எமிமா. ஐயா மைக்கை அவள் பக்கம் நீட்டினார். எமிமா வாயைத் திறந்தாள். "எமிமா ஆகிய நான்" என்றாள், அப்புறம் நின்றுவிட்டாள். பாக்கியசீலிக்கு மேலுதடு தெரிந்தது. இப்போது தெரிந்தது. முத்து முத்தாக. முக்காடு நெற்றியில் ஒட்டியிருந்தது. பெனாயா பிடித்திருந்த கை நடுங்கியது, தோள் நடுங்கியது, லேஸ் கைக்குட்டை கீழே விழுந்தது. எமிமா மறுபடி பேசினாள், வார்த்தை வரவில்லை, நாக்கு குழறி என்னவோ வந்தது, எந்தப் பாஷையிலும் இல்லாத என்னவோ.

"அல்லேலூயா!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அவ்வளவுதான், கொட்டகையே எழுந்தது. கையைத் தட்டினார்கள், கையை உயர்த்தினார்கள், அந்நிய பாஷை, அந்நிய பாஷை, ஆவியானவரே பிள்ளையின் நாவில் பேசுகிறார் என்று அழுதார்கள். ஜெபக்கனி பாக்கியசீலியின் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கண்ணீர் வழிந்தது அவளுக்கு, அத்தனையும் சத்தியமான கண்ணீர். "பாத்தீங்களா சம்பந்தி! பிள்ளை மேல அபிஷேகம் இறங்கிட்டு! கல்யாண மேடையிலேயே இறங்கிட்டு!" சாந்தகுமார் இரண்டு கையையும் கூரையைப் பார்த்துத் தூக்கிக்கொண்டு நின்றார். இவ்வளவு ஜனமும் அவள் பிள்ளையைத்தான் பார்க்கிறது, ஒருவருக்கும் தெரியவில்லை. இப்போதே யாராவது ஒரு டாக்டர் உள்ளே வரமாட்டாரா. அந்த நர்சம்மா பெட்டியோடு வரமாட்டாளா. கொஞ்சம் பொறுத்தால் தானே உட்கார்ந்துவிடுவாள், ஒரு பாட்டுப் பாடுவார்கள், முடித்து ஜெபிப்பார்கள், அப்புறம் சாப்பாடு, அப்புறம் சரியாகிவிடும், கல்யாணம் நிலைக்கும், சாட்சி நிலைக்கும், அவர் முகத்தில் அந்தச் சமாதானம் அப்படியே இருக்கும். எமிமாவின் கண் இவளைத் தேடியது. தேடி, இவளைத் தாண்டிப் போனது. இவளை அதற்கு அடையாளம் தெரியவில்லை.

யாரும் வரமாட்டார்கள். வந்தாலும் வாசலில் நிற்பார்கள்.

பாக்கியசீலி ஜெபக்கனியின் கையை எடுத்துவிட்டு எழுந்தாள். ஜிப்பை இழுத்தாள், வேதப்புத்தகம் பாயில் விழுந்தது, அதைக் குனிந்து எடுக்கவில்லை. மேடைப் படி ஏறும்போது சேலை தடுக்கியது. கைக்குட்டை முடிச்சு அவிழ மறுத்தது, பல்லால் இழுத்தாள், அந்தப் பல்லாலேயே கருப்பட்டியைக் கடித்துப் பொடித்து உள்ளங்கையில் எடுத்தாள். எமிமாவின் தாடை இறுகியிருந்தது. "வாயத் தொற மக்கா. தொறட்டி." கட்டைவிரலை உதட்டோரம் கொடுத்து நெம்பினாள், பல் அவள் விரலைக் கடித்தது, பிள்ளையைச் சரித்துத் தன் மேல் சாய்த்துக்கொண்டு கருப்பட்டித் தூளைக் கன்னத்துக்குள் வைத்துத் தேய்த்தாள். ஐயா மைக்கைத் தாழ்த்தாமலே குனிந்தார். "சிஸ்டர், என்னது இது? பிள்ளை ஆவியில இருக்கு. நீங்க தலையிடாதீங்க."

"சர்க்கரை எறங்கிட்டு ஐயா," என்றாள் பாக்கியசீலி. "காலையில ஊசி போட்டேன், சாப்பிடவிடாமக் கூட்டிட்டு வந்துட்டாங்க. ஒன்பது வருசமா நாந்தான் போடுதேன்."

மைக் அதை வாங்கிக் கூரையெல்லாம் சொன்னது, சமையல் கொட்டகைவரை சொன்னது. கைதட்டல் ஒவ்வொரு வரிசையாக ஓய்ந்தது. ஆண்கள் பக்கத்தில் தூக்கிய கைகளோடு ஒருவர் நிற்பது அவள் கண்ணோரத்தில் தெரிந்தது. அவரைப் பார்த்தால் தாங்கமாட்டாள், பார்க்கவில்லை. பெனாயா பிடித்த கையை இன்னும் விடவில்லை. விட மனமில்லையோ, விடவேண்டும் என்று தோன்றவில்லையோ, அதையும் இப்போது யோசிக்க முடியாது. எமிமாவின் நாக்கு லேசாக அசைந்தது. "முழுங்கு மக்கா," என்றாள், "முழுங்கிரு." சின்னத் தொண்டை மேலே ஏறியது. ஏறி, நின்றது. பாக்கியசீலி கன்னத்தைத் தேய்த்துக்கொண்டே பார்த்திருந்தாள். பிறகு அது இறங்கியது.